நூற்றுப் பதினேழு பேரின் கொட்டாவி

உதயமலை பம்ப் தொழிற்சாலையில் வேலை செய்த நூற்றுப் பதினேழு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கொட்டாவிதான் இருந்தது.

கோயம்புத்தூரில் கணபதிக்கு அப்பால் இருந்த அந்தத் தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளே அசல் சான்றிதழ்களையும் கொட்டாவியையும் பணியாளர் துறையில் ஒப்படைத்துவிட வேண்டும். சான்றிதழ்களைத் தனித்தனி உறைகளில் போட்டுப் பெயரெழுதி வைத்தார்கள். கொட்டாவிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட அந்நாளைய குமாஸ்தா மறந்துவிட்டார். ஒரே இரும்பு அலமாரியில் பல வருடங்கள் கிடந்ததில் அவை ஒன்றோடொன்று கலந்து ஒன்றாகிவிட்டன. குமாஸ்தாவிடம் விளக்கம் கேட்கப்பட்டது, அவர் எழுத்து மூலம் கொடுத்தார், கோப்பு மூடப்பட்டது.

பின்னர் பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. அதன் முடிவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி அந்தக் கொட்டாவி டோக்கன் எண் வரிசையில் சுற்றிவரத் தொடங்கியது. நாளைக்கு இருவர்: முற்பகலில் ஒருவர், பிற்பகலில் ஒருவர். நிர்வாக இயக்குநரின் டோக்கன் எண் ஒன்று. அவரும் தம் முறைக்காக ஐம்பத்தெட்டு வேலைநாள் காத்திருந்துதான் வாயைத் திறந்தார். கொட்டாவி யாரிடம் இருக்கிறதோ அவர் தோளில் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்வார். சுவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டால் அது விட்டவரிடமே திரும்பிவிடும். மனித முகத்தைப் பார்த்து விட்டால் அந்த முகத்துக்குரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே முறை முடிகிற நேரத்தில் மட்டும் அவர் அடுத்த எண்ணுக்குரியவரைப் பார்த்துத் திரும்பி வாயைத் திறப்பார். இருவரும் பதிவேட்டில் கையெழுத்திடுவார்கள்.

மேலாண்மைக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருந்த மங்கையர்க்கரசி இந்த ஏற்பாட்டைத்தான் ஏழு வருடங்களாக ஆராய்ந்துவந்தாள். "நடுத்தரத் தொழில் நிறுவனங்களில் பொதுவளப் பகிர்வும் பணியாளர் நடத்தையும்" என்பது ஆய்வின் தலைப்பு. வரிசை ஒழுங்காக நகரும் இடத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் நம்புகிறார்கள் என்பது அவள் கண்ட முடிவு. பதினான்கு வருடங்களில் அந்தத் தொழிற்சாலையை விட்டுப் போனவர்கள் மூன்றே பேர் என்பதை அவள் அட்டவணையாகப் போட்டுக் காட்டியிருந்தாள். கேள்வித்தாளில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. நூற்றுப் பதினாறு பேர் பதில் சொல்லிவிட்டார்கள். மிஞ்சியவர் வார்ப்புப் பிரிவில் அச்சு கட்டும் குழந்தைவேல், டோக்கன் எண் அறுபத்து மூன்று. அவள் போகும்போதெல்லாம் அவர் மருத்துவ விடுப்பில் இருந்தார்.

பல்கலைக்கழகம் கொடுத்த மூன்றாவது நீட்டிப்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிவதாக இருந்தது. அன்று காலை பத்தரை மணிக்கு வாய்மொழித் தேர்வு. அதற்குமேல் நீட்டிப்பு கிடையாது. ஏழு வருட உழைப்பும் பதிவு எண்ணும் சேர்ந்தே ரத்தாகும். ஆகவே வியாழக்கிழமை பிற்பகலில் அவள் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு குழந்தைவேலிடம் போனாள். முழுமை இல்லாத அட்டவணையோடு தேர்வுக்குப் போக அவளுக்கு மனமில்லை.

குழந்தைவேல் மணலைச் சலித்து முடித்துவிட்டு ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரில் இன்னொரு பெட்டியைப் போட்டுக்கொண்டாள். உலைக்கூடத்தில் புழுக்கம் அதிகம் என்பதால் அவர் பச்சைத் துண்டைக் கழற்றி அச்சுப் பெட்டியின் மேல் காயப்போட்டிருந்தார். துண்டு அவள் கண்ணில் பட்டது. பச்சைத் துண்டைப் பற்றித் தன் ஆய்வேட்டின் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில் ஒன்றரைப் பத்தி எழுதியவள் அவள். அது யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முப்பத்தோராவது கேள்வியை, அதாவது மேலதிகாரிகள் தன் கருத்தைச் செவிமடுக்கிறார்கள் என்பதை முற்றிலும் ஏற்கிறாரா, ஓரளவு ஏற்கிறாரா என்பதை, அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது குழந்தைவேல் அவள் முகத்தைப் பார்த்தபடியே நீளமாக, நிறைவாகக் கொட்டாவி விட்டார். மணி மூன்று நாற்பது.

அவள் நாற்பத்திரண்டு கேள்விகளையும் முடித்து நன்றி சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாள். காந்திபுரம் வருவதற்குள் கடைவாய்க்குப் பின்னால் ஏதோ எழும்புவதை உணர்ந்தாள். அவளுக்கென்று சொந்தமாக ஒரு கொட்டாவி உண்டு. மாலை நேரங்களில் வரும், சிறியது, கையால் மறைத்தால் போய்விடும். இது அதுவல்ல. நூற்றுப் பதினேழு பேருடையது ஒன்றாய்ச் சேர்ந்தது என்பதால் இது கனமாக இருந்தது. அவளுடையது அதற்குப் பின்னால் ஒதுங்கி நின்றது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, யாரையும் பாராமல், ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

வீட்டில் சுவர் இருந்தது. அதைப் பார்த்து ஒருமுறை விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கொட்டாவியும் அவளிடமே திரும்பியிருக்கும். ஆனால் அவள் பெயர் அந்தத் தொழிற்சாலையின் ஆட்பட்டியலில் இல்லை. தவிர, ஆய்வேட்டின் முகப்பில் அவள் கையெழுத்திட்ட உறுதிமொழி ஒன்று இருந்தது: பதில்களைத் தவிர வேறெதையும் பங்கேற்பாளர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை என்று. அவள் ஒரு துண்டுச் சுக்கைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்குப் பணியாளர் துறை மேலாளர் வெள்ளியங்கிரி தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், எங்க பொருள் ஒண்ணு உங்ககிட்ட வந்திருச்சுங்களா?"

"வந்திருக்கிறது. பயன்படுத்தவில்லை."

"அது தெரியுமுங்க. படிச்சவங்க நீங்க."

அவர் நிலைமையை ஒழுங்காக எடுத்துச் சொன்னார். வேலை முடிகிற நேரத்தில் குழந்தைவேல் அடுத்த எண்ணுக்குரியவரைப் பார்த்து வாயைத் திறந்தாராம். வெறும் வாய்தான் திறந்ததாம். வெளியாளிடம் போன கொட்டாவி இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் திரும்பாவிட்டால் அது வைத்திருப்பவருக்கே சொந்தமாகிவிடும். ஆக, வெள்ளிக்கிழமை மூன்று நாற்பது வரைதான் கெடு. அந்தப் பகுதியின் தொழிற்சாலைகளுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, வாசல் திறக்காது. வீட்டில் வைத்துக் கைமாற்றுவது செல்லாது. முன்பொருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் வீட்டில் கைமாற்றப் போய், அது மைத்துனரிடம் ஒட்டிக்கொண்டு, அவருக்கே சொந்தமாகி, உடுமலைக்குப் போய்க் கெஞ்சி வாங்கிவரப் பதினோரு மாதம் ஆயிற்று. வாசலுக்கு வெளியே கைமாற்ற வேண்டுமானால் அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட பொதுக்கூட்டமாக அது இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின் பதினெட்டாவது பிரிவு சொல்கிறது.

வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடப்பது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பல்கலைக்கழகப் பலகையில் பதினைந்து நாளாகச் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. வெள்ளியங்கிரி அதை ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார்.

அவர் பேசி முடிப்பதற்குள் தொலைபேசி கைமாறியது. அறுபத்து நான்காம் எண்ணுக்குரிய சரசாத்தாள் பேசினாள். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பவள்.

"ஏனுங் டீச்சரம்மா, நாப்பத்திரண்டு கேள்வி கேட்டீங்க. பதில் பூராத்தையும் எழுதிக்கிட்டீங்க. அதுக்குமேல கொட்டாவியும் எதுக்குங்க உங்களுக்கு?"

மங்கையர்க்கரசி மன்னிப்புக் கேட்டாள்.

"மன்னிப்பெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க. அம்பத்தெட்டு நாளாக் காத்துக்கிட்டிருக்கேன். மகளுக்குத் தலைப்பிரசவம், ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் நின்னேன். எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணா விடலாமுன்னு இருந்தேனுங்க. நாளைக்கு நான் வரேன். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க."

அவள் அப்படியே இருந்தாள்.

மறுநாள் தேர்வு அரங்கில் முன்வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: துறைத் தலைவர், அவளுடைய நெறியாளர் பேராசிரியர் எதிராஜுலு, நாக்பூரில் முப்பது வருடம் பணிபுரிந்த வெளித் தேர்வாளர் பேராசிரியர் தீர்த்தகிரி. பின்வரிசைகளில் நூற்றுப் பதினேழு பேரும் டோக்கன் எண் வரிசைப்படி அமர்ந்திருந்தார்கள். தொழிற்சாலைப் பேருந்து இரண்டு நடை அடித்திருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வழக்கமாக ஆறேழு பேர்தான் வருவார்கள். எதிராஜுலுவுக்குப் பெருமையாக இருந்தது. வெள்ளியங்கிரி மட்டும் தம் இடத்தைவிட்டு எழுந்து பதிவேட்டோடு கதவருகில் நின்றார். குழந்தைவேல் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இடர்ப்பாடு எதில் என்றால், மேடையிலிருந்து பார்க்கும்போது முதலில் தெரிவது தீர்த்தகிரியின் முகம். அவள் அடக்கமுடியாமல் வாயைத் திறந்தால் கொட்டாவி அவருக்குத்தான் போகும். மாலை நான்கு மணி ரயிலில் அவர் நாக்பூர் போய்விடுவார். அதோடு, தன் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்ட ஆய்வாளர்கள் இருவரைத் தீர்த்தகிரி இதற்குமுன் தோற்கடித்திருக்கிறார் என்பதும் ஊரறிந்த செய்தி. வழி ஒன்றுதான் இருந்தது. தேர்வாளர்கள் கேட்டு முடித்தபின் பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம். அந்த நேரத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் தலையைக் குனிந்து அறிக்கைப் படிவத்தை நிரப்புவார்கள். பார்வையாளர் கேள்வியை எந்தத் தேர்வாளரும் நிமிர்ந்து கேட்டதில்லை. அதுவரை தாங்கவேண்டும்.

பத்தரைக்குக் கூட்டம் தொடங்கியதாகத் துறைத் தலைவர் அறிவித்தார். மங்கையர்க்கரசி உதடுகளை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல் தன் ஆய்வை எடுத்துரைத்தாள். அகலமாக வாய் திறக்க வேண்டிய சொற்களை எல்லாம் முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தாள். பதினோராவது படத்தைத் திரையில் காட்டியபோது கொட்டாவி தொண்டையைத் தாண்டி மேலே வந்தது. பற்களை இறுக்கினாள். கண்களில் நீர் வழிந்தது. எதிராஜுலு அதைக் கண்டு நெகிழ்ந்து, பக்கத்திலிருந்த துறைத் தலைவரிடம் ஏழு வருட உழைப்பு என்று தாழ்ந்த குரலில் சொன்னார். மூன்றாம் வரிசையில் யாரோ தம் பங்குக்கு மூக்கைச் சிந்தினார்கள்.

தீர்த்தகிரி பன்னிரண்டு கேள்விகள் கேட்டார். எல்லாம் நீளமான கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரை இருந்தது. மாதிரியின் அளவு ஏன் இவ்வளவு, ஒரே நிறுவனம் போதுமா, நாக்பூரில் 1994இல் தாம் நடத்திய ஆய்வைப் பார்த்தாளா என்றெல்லாம் போயிற்று. அவர் குரல் ஒரே சீராக, மேடு பள்ளம் இல்லாமல் இருந்தது. கூரையில் விசிறி சுற்றியது. அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னாள். பன்னிரண்டே கால் ஆயிற்று. கடைசிக் கேள்விக்கு வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

பணியாளர்கள் பொறுமையாகக் காத்திருப்பதை நம்பிக்கை என்று அவள் எழுதியிருக்கிறாள். அது வேறு வழியில்லாத நிலையாக ஏன் இருக்கக்கூடாது என்று அவர் கேட்டார். வரிசையில் அவள் எப்போதாவது நின்றிருக்கிறாளா என்றும் கேட்டார்.

அது நல்ல கேள்வி. நேற்று மூன்று நாற்பது முதல் நிற்பதாக அவள் சொன்னாள்.

"நூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்தில், வரிசையில் நிற்பவர் தம் முறை எப்போது வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார் என்று எழுதியிருக்கிறேன், ஐயா. அது தவறு. இவ்வளவு நேரமும் நான் எனக்கு அடுத்தவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்தியைத் திருத்த அனுமதி வேண்டும்."

தீர்த்தகிரி சற்று நேரம் அவளைப் பார்த்தார். அவளும் மூக்கின் வழியாக மூச்சு விட்டபடி அவரைப் பார்த்தாள். பிறகு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிறு திருத்தம் என்று குறித்துக்கொண்டார். தம் கேள்விகள் முடிந்தன என்றார்.

அப்போது துறைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விருந்தினர் விடுதியில் சாப்பாடு ஆறிவிடும், பார்வையாளர் கேள்விகள் பெரும்பாலும் இருக்காது, ஆகவே கூட்டத்தை இத்துடன் முடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். கூட்டம் முடிந்ததாக அவர் அறிவித்துவிட்டால் ஒப்பந்தத்தின் பதினெட்டாவது பிரிவு பொருந்தாது. மங்கையர்க்கரசியின் தாடை நடுங்கியது.

"எனக்குக் கேள்வி இருக்குதுங்க," என்றாள் சரசாத்தாள்.

துறைத் தலைவர் உட்கார்ந்தார். விதி விதிதான். சரசாத்தாள் தன் வரிசையிலிருந்து வெளிப்பட்டு, இடப்பக்கம் நிறுத்தியிருந்த ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்று, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். முன்வரிசையில் மூன்று தலைகளும் படிவத்தின்மேல் குனிந்தன. பேனாக்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"டீச்சரம்மா, ஆராய்ச்சி பண்ணி முடிச்சாச்சு. இனி எங்களோடதை எங்களுக்கே குடுத்துருவீங்களா?"

ஆய்வு முடிவுகளைப் பங்கேற்பாளர்களோடு பகிர்ந்துகொள்வது குறித்த கேள்வி என்று எதிராஜுலு தலைநிமிராமல் எழுதினார்.

"தருகிறேன்," என்று சொல்லி மங்கையர்க்கரசி இடப்பக்கம் திரும்பி, சரசாத்தாளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து வாயைத் திறந்தாள்.

ஏறக்குறைய இருபத்தொரு மணி நேரம் அடைபட்டிருந்தது அவசரப்படாமல் வெளியே வந்தது. காதுகள் அடைத்துத் திறந்தன. முதுகெலும்பு கணுக்கணுவாக நெகிழ்ந்தது. சரசாத்தாள் அதை முழுவதுமாக வாங்கிக்கொண்டு, மகளின் பிரசவத்தையும் ஆஸ்பத்திரியின் ஒன்பது நாட்களையும் சேர்த்து, சுவர்ப் பக்கம் திரும்பி, தோள்கள் இரண்டும் இறங்கும்படி விட்டாள். பதிவேட்டோடு வெள்ளியங்கிரி அவள் பக்கத்தில் வந்துவிட்டிருந்தார். அவள் கையெழுத்திட்டாள்.

அரைநாள் வைத்திருக்கும் விதி தொழிற்சாலை வளாகத்துக்குள் மட்டும்தான். ஆகவே அவள் அறுபத்தைந்தாம் எண்ணின் பக்கம் திரும்பினாள். அறுபத்தைந்து அறுபத்தாறுக்குக் கொடுத்தது. வரிசை வரிசையாக அரங்கின் பின்சுவர் வரை அது போயிற்று. நூற்றுப் பதினேழிலிருந்து ஒன்றாம் எண்ணுக்கு வந்தபோது நிர்வாக இயக்குநர் எழுந்து நின்று மரியாதையாகப் பெற்றுக்கொண்டார். இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. இருமல், தொண்டைக் கனைப்பு, நாற்காலிகளில் உடல்கள் சாய்கிற ஓசை, இவை மட்டும் கேட்டன. முறை தவறாமல் குழந்தைவேல் வரை வந்தது. அவர் நேற்றே விட்டாயிற்று என்று கூச்சத்தோடு சொல்லிப் பார்த்தார். பக்கத்திலிருந்த சரசாத்தாள், "விடுங்கண்ணா, வெறும் வாயைத் தொறந்து என்னைய ஏமாத்துனது போதும்," என்றாள். அவர் விட்டார். அது மறுபடியும் அவளிடம் வந்தது. சனிக்கிழமை முற்பகலுக்காக அவள் பச்சைத் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, போகும் வழியில் பேருந்தின் பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார இடம் வேண்டும் என்றாள்.

தேர்வாளர்கள் படிவத்தை நிரப்பி முடித்து நிமிர்ந்தார்கள். பார்வையாளர்கள் முழு ஈடுபாட்டோடு பங்கேற்றனர் என்று தீர்த்தகிரி எழுதியிருந்தார். பட்டம் வழங்கலாம் என்ற பரிந்துரையைத் துறைத் தலைவர் வாசித்தார். நூற்றுப் பதினேழு பேரும் கை தட்டினார்கள். சரசாத்தாள் சுவரைப் பார்த்தபடி தட்டினாள். மங்கையர்க்கரசி ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். உடம்பு லேசாக இருந்தது. ஏழு வருடங்களில் முதன்முறையாக அவளுக்குப் பசித்தது.

சாப்பிட்டுவிட்டு நான்கரை மணிக்குத் தேர்வுப் பிரிவுக்குப் போனாள். பிரிவு அலுவலர் அவள் அடையாள அட்டையைச் சரிபார்த்துவிட்டு உள்ளே போய், முனைவர் பட்டத்தை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு அவள் கையில் கொடுத்தார். வெதுவெதுப்பாக, மூன்று கிலோ இருக்கும். முதல் வாரத்தில் தலைக்குக் குளிப்பாட்ட வேண்டாம் என்றும் கழுத்துக்குக் கீழே கைகொடுத்துத் தூக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

பேருந்தில் கூட்டமில்லை. நடத்துநர் அவளுக்குச் சீட்டுக் கிழித்துவிட்டுத் துண்டைப் பார்த்தார்.

"வயசு எத்தனைங்க?"

"இன்றைக்குத்தான்."

"அப்பச் சீட்டு வேண்டாங்க. மடியில வெச்சுக்குங்க, காத்து அடிக்குது."

அவள் ஜன்னலை இறக்கினாள். வடவள்ளியைத் தாண்டும்போது அதற்கு இரண்டு பல் முளைத்திருந்தது.